மூணு வருஷமா தினமும் வரையுறேன், ஏன் சார் வளரவே இல்ல?

டிராயிங் மாஸ்டர் பதில்கள்

போன இதழ்ல ஓவியம் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போட்டிருந்தோம். வந்த கடிதம், வாட்ஸ்அப்ல வந்த படம் எல்லாத்தையும் உக்காந்து பாத்தா முக்கால்வாசி பேர் ஒரே விஷயத்தத்தான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, பழகறோம் பழகறோம் ஆனா நகரவே மாட்டேங்குதேன்னு. அதனால இந்த தடவை முழுசும் அதுக்கே.

பத்தாவது லீவுல ஆரம்பிச்சு மூணு வருஷமா தினமும் வரையுறேன் சார். பின்ட்ரெஸ்ட்ல படம் எடுத்து வச்சு, பெரும்பாலும் அனிமே ஸ்டைல்ல பொண்ணுங்க மூஞ்சி. முதல் வருஷம் நல்லா இம்ப்ரூவ் ஆச்சு, அப்புறம் அப்படியே நிக்குது. எனக்கு திறமை இவ்வளவுதானா?
- கல்லூரி மாணவி, ஈரோடு

திறமை பேச்ச இப்ப விடு கண்ணு. நீ அனுப்பின படம் எல்லாத்தையும் வரிசையா வச்சு பாத்தேன். எல்லா பொண்ணும் இடது பக்கமா முக்கால் முகம் திரும்பி நிக்கறா, எல்லாருக்கும் முடி வந்து ஒரு காத மூடிடுது, கை ஒண்ணு முதுகுக்கு பின்னாடி இருக்கு இல்லன்னா படமே தோளோட முடிஞ்சிடுது. மூணு வருஷம் உழைச்சிருக்க, அதுல சந்தேகமே இல்ல, ஆனா ஒரே படத்த மூணு வருஷமா வரைஞ்சிருக்க. அந்த மூஞ்சி உனக்கு இப்ப கண்ண மூடிட்டு வரும். அதுதான் பிரச்சனையும். கண்ணுக்கு வேலையே இல்லாத இடத்துல வரையுறது வளராது, எத்தனை வருஷம் பண்ணாலும்.

வரைய வரலன்னா கை சரியில்லன்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. 1997ல ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சியாளர்கள் இதையே எடுத்து சோதிச்சு பாத்தாங்க, பாக்கறத அப்படியே வரைய ஏன் பெரும்பாலானவங்களால முடியலன்னு. கை ஓடாதது ரொம்ப சின்ன காரணம், எதிர்ல இருக்கறத தப்பா பாக்கறதுதான் பெரிய காரணம்னு முடிவு சொன்னாங்க. யோசிச்சு பாரு, ஒரு போட்டோ மேல பேப்பர் வச்சு ட்ரேஸ் பண்ண சொன்னா வரையவே தெரியாதவங்க கூட ஓரளவு நல்லா போட்டுடுவாங்க. அதே கைதானே அது?

இன்னைக்கு ராத்திரி ஒரு எவர்சில்வர் டம்ளர டேபிள்ல வச்சு அத பாத்து வரைஞ்சு பாரு. டம்ளரோட வாய் ரவுண்டுன்னு மூளைக்கு தெரியும், ஆனா நீ சேர்ல உக்காந்து பாக்கறப்ப அது ரவுண்டா தெரியாது, ஒடுங்கின நீள்வட்டமா தெரியும். உன் கண் மட்டத்துக்கு கிட்ட வர வர அந்த நீள்வட்டம் ஒல்லியாகிட்டே போகும், கண் மட்டத்துக்கே வந்துட்டா வெறும் கோடு, கண் மட்டத்துக்கு கீழ இறங்க இறங்க அகலமாகும். அப்ப டம்ளரோட அடிப்பாகம் வாய விட இன்னும் வளைவா வரணும் இல்லையா, ஆனா புதுசா வரையுறவங்க அத்தனை பேரும் வாய நல்லா உருண்டையா போட்டுட்டு அடிய ஸ்கேல் வச்ச மாதிரி நேர் கோடா போடுவாங்க, ஏன்னா டம்ளர் டேபிள்ல சமமா உக்காந்திருக்குன்னு அவங்களுக்கு *தெரியும்*. தெரிஞ்சத போடறாங்க, தெரியறத போடல. உன் அனிமே கண்ணும் அதே கதைதான், அது ஒரு கத்துக்கிட்ட குறி, ஒரு எழுத்து மாதிரி. வேற ஒருத்தர் பாத்து பாத்து சுருக்கி வச்ச முடிவ நீ எழுதி பழகியிருக்க, அவர் எத பாத்தாரோ அத நீ இன்னும் பாக்கல.

அதுக்காக அனிமேவ விட சொல்லல, உனக்கு புடிச்சிருக்கு, புடிச்சதுதான் தினமும் உக்கார வைக்கும். வரையுற நேரத்துல பாதி அதுக்கு குடு, மீதி பாதி நேர்ல இருக்கற பொருளுக்கும் ஆளுக்கும் குடு. முதல்ல உன் இடது கை. எப்பவும் கூடவே இருக்கு, காசு கேக்காது, அசையாம இருன்னா இருக்கும். விரல விரலா பாக்காம விரலுக்கும் விரலுக்கும் நடுவுல இருக்கற சந்து என்ன வடிவத்துல இருக்குன்னு பாத்து அந்த சந்த வரை. சந்துக்கு பேரு கிடையாது, அதனால மூளை உள்ள பூந்து எனக்கு தெரியும்னு சொல்ல முடியாது, நிஜமா பாத்தே ஆகணும்.

ஆரம்பத்துல உன் படம் இப்ப இருக்கறத விட மோசமா வரும், அத தாங்கிக்கணும். அப்புறம் இன்னொண்ணு, ரெண்டு வருஷமா நிக்குதுன்னு உனக்கே தெரியுது பாரு, அது உன் கண்ணு வளந்துட்டதுக்கு அடையாளம். கண்ணு முன்னாடி போய் நிக்கும், கை பின்னாடி வரும், அந்த இடைவெளி இருக்கற மாசங்கள்லதான் நிறைய பேர் விட்டுட்டு போறாங்க. நீ போயிடாத.

நேரா உக்காந்து வரையும்போது சரியா இருக்கற முகம், சுவத்துல மாட்டினா நீளமா தெரியுது. ஏன்?
- வாசகர், விருதுநகர்

பேப்பர டேபிள்ல படுக்க வச்சு வரையறீங்க. மேல் பாதி கண்ணுக்கு தூரம், கீழ் பாதி கிட்ட, அதனால மேல் பக்கம் சுருங்கி தெரியும், நீங்க உங்களுக்கே தெரியாம அத ஈடுகட்டி இழுத்து வரைஞ்சுடறீங்க. பரீட்சை அட்டையில கிளிப் போட்டு, அட்டைய மடியில சாய்ச்சு டேபிள் விளிம்புல முட்டு குடுங்க, பேப்பர் உங்க முகத்துக்கு நேரா நிக்கணும். அப்பப்ப எழுந்து ரெண்டு மூணு அடி தள்ளி நின்னு பாருங்க. கண்ணாடில காட்டி பாத்தாலும் கோணல் உடனே தெரிஞ்சிடும்.

எனக்கு 41 வயசு சார், பேங்க்ல வேலை. சின்ன வயசுல நல்லா வரைவேன், வீட்ல படிப்புதான் முக்கியம்னு நிறுத்திட்டாங்க. இப்ப ஆரம்பிச்சா ஏதாவது வருமா, இல்ல சும்மா ஆசையா?
- வாசகர், நாகர்கோவில்

டச்சு ஓவியர் வான்கோ எந்த வயசுல ஆரம்பிச்சார்னு பாருங்க சார். படம் விக்கற கடையில வேலை பாத்தார், ஸ்கூல்ல பாடம் எடுத்தார், புத்தகக் கடையில இருந்தார், பெல்ஜியத்துல சுரங்கத் தொழிலாளிங்க நடுவுல பிரசங்கம் பண்ண போனார், எதுவும் ஒட்டல. 1880ல, 27 வயசுல தான் ஓவியம்தான் இனிமேன்னு உக்காந்தார். அந்த ஆரம்ப படங்கள தேடி பாருங்க, கை கால் எல்லாம் மரக்கட்டையா இருக்கும், ஆளு நிக்கறாரா விழறாரான்னே தெரியாது. அவர் பண்ணது என்னன்னா, சார்ல் பார்க்னு ஒரு பிரெஞ்சுக்காரர் மாணவங்களுக்காக போட்ட பயிற்சி ஷீட் இருந்துச்சு, அத முதல்ல இருந்து கடைசி வரைக்கும் காப்பி பண்ணார், முடிச்சிட்டு திரும்பவும் பண்ணார். எட்டு வருஷம் கழிச்சு 1888ல பிரான்ஸ்ல ஆர்ல்ங்கற ஊர்ல நாணல் பேனா வச்சு போட்ட வயல்காட்டு படங்கள பாத்தா இது அதே ஆளு கையான்னு இருக்கும், ஒரு இடத்துல புள்ளி, ஒரு இடத்துல சின்ன கோடு, ஒரு இடத்துல சுழி, அவ்வளவுதான், ஆனா காத்தடிக்கறது தெரியும்.

எனக்கு இதவிட பெருசா படறது வேற ஒண்ணு. 1890ல, அவர் சாகறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி, அந்த பார்க் ஷீட்ட திரும்ப காப்பி பண்ணணும், அனுப்பி வைன்னு தம்பிக்கு லெட்டர் எழுதியிருக்கார். இன்னைக்கு உலகமே கொண்டாடற படங்கள வரைஞ்சு முடிச்ச ஆளு, ஆரம்பப் பாடத்துக்கு திரும்பி போறார். பெரிய வித்வான்கள் காலைல சரளி வரிசை பாடறாங்களே, அந்த மாதிரி.

உங்களுக்கு வான்கோ ஆகணும்னு இல்ல, தெரியும். 41ல ஆரம்பிச்சு 50ல உங்க பையனோ மனைவியோ உக்காந்திருக்கறத பாத்து, அது அவங்கதான்னு யாரும் சொல்ற மாதிரி வரைய முடியுமா? முடியும், தினம் கொஞ்ச நேரம் நேர்ல பாத்து வரைஞ்சீங்கன்னா கண்டிப்பா முடியும். ஒம்போது வருஷம் எப்படியும் போகத்தான் போகுது. பெரியவங்க ஆரம்பிக்கறதுல ஒரு வசதியும் இருக்கு, சொன்னத கேப்பாங்க, ஒரு டம்ளர ஒரு வாரம் வரைய சொன்னா வரைவாங்க, பசங்க எந்திரிச்சு ஓடிடுவாங்க. ஒரு கஷ்டமும் இருக்கு, பெரியவங்களுக்கு தப்பா வர்றது அவமானமா இருக்கும். அதனால முதல் ஆறு மாசம் யாருக்கும் காட்டாதீங்க. வடசேரி பஸ் ஸ்டாண்டுல காத்திருக்கறப்ப சின்ன நோட்டுல முதுகு காட்டி நிக்கறவங்கள வரைங்க, முதுகு காட்டி நிக்கறவங்க உங்கள பாக்க மாட்டாங்க, கூச்சம் இல்ல. ஞாயித்துக்கிழமை சுசீந்திரம் போனா தூண் சிற்பம் இருக்கு, அதுக்கு அவசரமே கிடையாது.

கட்டம் போட்டு வரையுறதும் ட்ரேஸ் பண்றதும் ஏமாத்து வேலைன்னு கமெண்ட்ல திட்டறாங்க. உண்மையா?
- வாசகர், சேலம்

இல்ல. மெட்ராஸ்ல அம்பதடி உயர சினிமா பேனர் எழுதினவங்க சின்ன போட்டோல கட்டம் போட்டு, அத பெரிய துணில கட்டம் போட்டு தான் ஏத்தினாங்க, அவங்கள ஏமாத்தினாங்கன்னு சொல்ல யாருக்கு தைரியம் இருக்கு? 16ஆம் நூற்றாண்டுல ஜெர்மனியில ட்யூரர்னு ஒரு ஓவியர், கட்டம் கட்டின சட்டத்து வழியா பாத்து ஒருத்தர் வரையுறத மரச்செதுக்கு படமாவே போட்டு வச்சிருக்கார். வான்கோவும் அந்த மாதிரி ஒரு சட்டம் செய்ய சொல்லி கடற்கரை வரைக்கும் தூக்கிட்டு போயிருக்கார்.

வித்தியாசம் எங்கன்னா, வான்கோ சட்டத்து வழியா நிஜக் கடல பாத்தார். சட்டம் அவர் கண்ண திருத்திச்சு. நீங்க போட்டோல அரை இஞ்ச் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டமா நிரப்புனா படம் வரும், கண்ணு வளராது, கட்டம் இல்லாம ஒரு ஆள எதிர்ல உக்கார வச்சா கை நடுங்கும். கட்டத்த வருஷத்துக்கு வருஷம் பெருசாக்கிட்டே போங்க, இருபது கட்டம் போட்ட இடத்துல நாலு, அப்புறம் நடுவுல ஒரு கூட்டல் குறி மட்டும், அப்புறம் பென்சில நீட்டி அளக்கறது மட்டும். நீட்டும்போது முழங்கைய மடக்கக் கூடாது, ஒரு கண்ண மூடணும், முழங்கை மடங்கிட்டா ஒவ்வொரு தடவையும் அளவு மாறிடும். ட்ரேஸ் பண்ணிட்டு நானே ஃப்ரீஹேண்டா போட்டேன்னு சொல்றது மட்டும் தப்பு, அது பொய்.

ஸ்ரீபெரும்புதூர்ல ஷிஃப்ட் வேலைண்ணே. வீட்டுக்கு வந்தா தூக்கம்தான். யூடியூப்ல ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பண்ணு, பத்தாயிரம் மணி நேரம் பண்ணுன்னு சொல்றாங்க, அத கேட்டாலே ஆரம்பிக்க மனசு வரல.
- வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

தம்பி, அந்த பத்தாயிரம் மணி நேரம் 1993ல பெர்லின்ல வயலின் மாணவங்கள வச்சு பண்ண ஆராய்ச்சில இருந்து வந்த எண்ணு, இருபது வயசுல ரொம்ப நல்லா வாசிச்சவங்களோட சராசரி, அவ்வளவுதான். அதுக்கு கீழ இருந்தா வராதுன்னோ தாண்டினா வந்துடும்னோ அர்த்தமே இல்ல. அந்த ஆராய்ச்சி அழுத்தி சொன்னது என்னன்னா எது வரலையோ அத குறி வச்சு பழகறது, பண்ணது சரியா தப்பான்னு உடனே தெரிஞ்சுக்கறது. அத பதினஞ்சு நிமிஷத்துலயும் பண்ணலாம்.

உன்கிட்ட கம்பெனி பஸ் இருக்கு. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற பஸ்ஸுல எல்லாரும் தூங்குவாங்க, இந்த மாதிரி மாடல் ஓவியக் கல்லூரில கூட கிடைக்காது, ஆளாளுக்கு ஒரு விதமா கழுத்து சாய்ஞ்சு வாய் திறந்து அசையாம. பஸ் குலுங்கும், கோடு நெளியும், நெளியட்டும். ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம். முதல்ல தலையில இருந்து இடுப்பு வரைக்கும் உடம்பு எப்படி வளைஞ்சிருக்குன்னு ஒரே கோடு, அப்புறம் தோள் எந்தப் பக்கம் சரிஞ்சிருக்குன்னு ஒரு கோடு, நேரம் இருந்தா மீதி. கண்ணு மூக்கெல்லாம் வேண்டாம். பால் பாயின்ட் பேனா போதும், அழிக்க முடியாததால பாத்துட்டு போடற பழக்கம் வரும்.

ஜெர்மன் ஓவியர் மென்சல் கோட்டு பூரா பாக்கெட் வச்சு தைச்சு எல்லாத்துலயும் சைஸ் வாரியா ஸ்கெட்ச் புக் சொருகிட்டு சுத்துவாராம், கண்ணுல பட்டத அங்கயே போட்டுடுவார். நம்ம ஊர்ல சில்பி ஆனந்த விகடனுக்காக வருஷக்கணக்குல கோயில் கோயிலா போய், சிலைக்கு முன்னாடியே உக்காந்து வரைஞ்சார். தென்னாட்டுச் செல்வங்கள் வரிசையில வந்த அந்த படங்கள்ல ஒரு கழுத்து ஆரத்துல இருக்கற மணி கூட ஏதோ மணின்னு இருக்காது, அந்த சிலையோட மணியா இருக்கும். அவர் பாக்கறத நிறுத்தவே இல்ல, அதான் விஷயம். மைக்கேலாஞ்சலோ தன் உதவியாளுக்கு ஒரு பேப்பர்லயே எழுதி வச்சிருக்கார், வரை அந்தோனியோ, வரை அந்தோனியோ, வரை, நேரத்த வீணாக்காதன்னு. அந்த பேப்பர் இன்னும் லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

லீவு நாள்ல நாலு மணி நேரம் சேத்து வைச்சு போடறத விட தினம் பஸ்ல பதினஞ்சு நிமிஷம் மேல். ஒரு நாள் விட்டா விட்டதுதான், அடுத்த நாள் ரெண்டு பங்கு போட வேண்டாம், சும்மா திரும்ப ஆரம்பி.

என் பையனுக்கு பத்து வயசு. அஞ்சு வயசுல இருந்து சுவர் பூரா வரைவான். இப்ப திடீர்னு எனக்கு டிராயிங் வராதும்மான்னு கலர் பென்சில தூக்கி போட்டுட்டான். டிராயிங் கிளாஸ்ல சேத்தா சரியாகுமா?
- வாசகி, தஞ்சாவூர்

அம்மா, பயப்படாதீங்க, இது ஒம்போதுல இருந்து பதினொண்ணு வயசுக்குள்ள நிறைய பசங்களுக்கு வர்றதுதான். அஞ்சு வயசுல யானைன்னா தும்பிக்கை இருந்தா போதும். பத்து வயசுல நிஜ யானை மாதிரி இல்லன்னு அவனுக்கே தெரிய ஆரம்பிச்சிடுது. பார்வை கூர்மையாகி இருக்கு, ஆனா அந்த பார்வைக்கு ஏத்த மாதிரி வரைய யாரும் சொல்லிக் குடுக்கல, பையன் என்ன முடிவுக்கு வருவான், எனக்கு வராதுன்னு. நம்ம ஊர்ல பாதி பேர் ஓவியம் இந்த வயசுல தான் நின்னு போச்சு. நாப்பது வயசு ஆள வரைய சொன்னா பத்து வயசு பையன் படம் மாதிரியே போடறாரே, அது வேற ஒண்ணும் இல்ல, அங்க நிறுத்தினவர் அங்கயே நிக்கறார்.

கிளாஸ் பத்தி கேட்டீங்க. கிளாஸ்ல என்ன சொல்லிக் குடுக்கறாங்கன்னு ஒரு நாள் போய் உக்காந்து பாருங்க. போர்டுல ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு குடிசை, சாய்ஞ்ச தென்னை மரம், வி ஷேப்ல பறவை, இத அப்படியே காப்பி பண்ண சொல்ற கிளாஸா இருந்தா சேக்காதீங்க, தஞ்சாவூர் பையனுக்கு ரெண்டு மலைக்கு நடுவுல சூரியன் எங்க தெரியுது? வாழைக்காய், செருப்பு, சைக்கிள்னு ஏதாவது ஒண்ண எதிர்ல வச்சு வரைய வைக்கற கிளாஸா இருந்தா தயங்காம சேருங்க.

வீட்ல நீங்களும் கூட உக்காந்து வரைங்க, உங்களுக்கு வரலன்னாலும் பரவால்ல. பெரிய கோயில் நந்திய போய் பாத்து ரெண்டு பேரும் வரைஞ்சிட்டு வாங்க. சூப்பர்டான்னு சொல்றத கொஞ்சம் குறைச்சிட்டு, திமில் இவ்வளவு மேல இருக்கறத எப்படிடா கண்டுபிடிச்சன்னு கேளுங்க. அவன் எத பாத்தான்னு நீங்க கவனிச்சீங்கன்னு அவனுக்கு தெரியணும். போட்டிக்கு இப்ப அனுப்ப வேண்டாம்.

முகத்துக்கு அளவு சூத்திரம் இருக்காமே, மனப்பாடம் பண்ணா போதுமா?
- வாசகி, மதுரை

பண்ணுங்க, உதவும். கண்ணு தலையோட உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதியில இருக்கும், ஆரம்பிக்கறவங்க கிட்டத்தட்ட எல்லாரும் நெத்திய விழுங்கிட்டு கண்ண மேல தூக்கி வச்சிடுவாங்க. தலையோட அகலம் சுமாரா அஞ்சு கண்ணு. காது புருவத்துக்கும் மூக்கு அடிக்கும் நடுவுல. உள்ளங்கைய தாடையில வச்சா விரல் நெத்தி நடு வரைக்கும் வரும். நம்ம சிற்ப மரபுல இத இன்னும் நுணுக்கமா வச்சிருக்காங்க, தாளம்னு பேரு, உத்தம தசதாளத்துல ஒரு மூர்த்திய மொத்தம் 124 அங்குலமா (இது இஞ்ச் இல்ல, சிலையோட உயரத்துக்கு ஏத்த மாதிரி மாறற அளவு) பிரிச்சு நெத்திக்கு இவ்வளவு, மூக்குக்கு இவ்வளவுன்னு கணக்கு. 1957ல தொடங்கின மாமல்லபுரம் சிற்பக் கல்லூரில இன்னைக்கும் பசங்க அளவ கோடு போட்டு பழகிட்டுதான் உளி எடுக்கறாங்க.

ஆனா சிற்பி வடிக்கறது தெய்வத்த, அதுக்கு லட்சணம் உண்டு. நீங்க வரையப் போறது உங்க பாட்டிய. பாட்டிக்கு பல்லு போய் தாடை மேல ஏறியிருக்கும், காது தொங்கியிருக்கும், ஒரு கண்ணு கொஞ்சம் சின்னது. சூத்திரத்துல இருந்து பாட்டி எங்கெங்க விலகறாங்களோ அங்கதான் பாட்டி இருக்காங்க. அந்த விலகல் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கத்தான் சூத்திரம் தெரிஞ்சிருக்கணும்.

எந்த பென்சில் வாங்கறது? ஐபேட் வாங்கினா சீக்கிரம் வருமா?
- வாசகர், திருப்பூர்

ஒரு ஹெச்பி, ஒரு 4பி, நல்ல அழிரப்பர், ஷேடிங் பண்ணணும்னா கொஞ்சம் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் பேப்பர். தினப் பயிற்சிக்கு ஒரு பக்கம் பிரின்ட் ஆன ஏ4 போதும், விலை அதிகமான நோட்டு வாங்கினா அத வீணாக்க பயந்தே வரைய மாட்டீங்க. விரலால தேய்ச்சு ஷேடிங் பண்ற பழக்கம் மட்டும் வேண்டாம், அது எல்லா பொருளையும் புகை மாதிரி ஆக்கிடும்.

ஐபேட் நல்ல கருவி, தொழிலுக்கு போறவங்களுக்கு வேணும். கத்துக்கற முதல் வருஷம் அந்த அன்டூ பட்டன் கெடுக்கும், கோடு போடறதுக்கு முன்னாடி பாக்கற அந்த ஒரு நொடி போயிடும்.

பிளஸ் டூ முடிக்கப் போறேன். ஓவியக் கல்லூரி போனாத்தான் ஆர்ட்டிஸ்டா?
- மாணவர், திருவண்ணாமலை

போகாமலும் நிறைய பேர் வந்திருக்காங்க, ஆனா போக முடிஞ்சா போப்பா. சென்னை பெரியமேட்டுல இருக்கற அரசு கவின் கலைக் கல்லூரி 1850ல அலெக்சாண்டர் ஹன்ட்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடத்துல இருந்து வந்தது, கும்பகோணத்துலயும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கு. பிஎஃப்ஏங்கற கவின் கலை டிகிரி நாலு வருஷம், சேர்றதுக்கு நேர்ல வரைஞ்சு காட்டற தேர்வு உண்டு, மார்க் மட்டும் வச்சு உள்ள போக முடியாது. அதனால இப்ப இருந்தே ஆள பாத்து வரையுறது, பொருள பாத்து வரையுறது ரெண்டையும் பழகு, போட்டோ பாத்து போட்ட நடிகர் படம் அங்க உதவாது. டிராயிங் டீச்சர் ஆகற எண்ணம் இருந்தா அரசு தொழில்நுட்பத் தேர்வுல ஓவியத்துக்கு லோயர், ஹையர்னு ரெண்டு கிரேடு இருக்கு, அதையும் எழுதி வச்சுக்கோ.

கல்லூரில கிடைக்கறது பாடம்னு நான் சொல்ல மாட்டேன். நாலு வருஷம் உன்ன மாதிரியே பைத்தியமா வரையுற பசங்க நடுவுல இருக்கறது, தினமும் எதிர்ல ஒரு மாடல் உக்காந்திருக்கறது, இது வீட்ல கிடைக்காது. ஓவியர் ஆதிமூலம் சென்னை கல்லூரில படிச்சவர்தான். 1969ல காந்தி நூற்றாண்டு சமயத்துல அவர் போட்ட காந்தி கோட்டோவியங்கள எங்க கிடைச்சாலும் பாரு. அதே மனுஷன், அதே கண்ணாடி, அதே தடி, திரும்ப திரும்ப, ஆனா ஒவ்வொண்ணுலயும் கோடு வேற மாதிரி யோசிக்குது. ஈரோட்டு பொண்ணுக்கு ஒரே மூஞ்சிய வரையாதன்னு சொன்னேனே, அதுக்கு இது முரண் கிடையாது, இவர் ஒவ்வொரு தடவையும் புதுசா பாத்தார்.

ரிட்டயர்டு டீச்சர், 67 வயசு. கை லேசா நடுங்குது. இந்த வயசுல பழகி என்ன ஆகப் போகுதுன்னு வீட்ல சிரிக்கறாங்க.
- வாசகி, திண்டுக்கல்

அம்மா, ஜப்பான்ல ஹொகுசாய்னு ஒரு ஓவியர், அந்த பெரிய அலை படம் போட்டவர், அது உலகத்துக்கே தெரியும். அத போட்டப்ப அவருக்கு வயசு சுமார் எழுபது. 1834ல ஃபூஜி மலை பத்தின தன்னோட படத்தொகுப்புக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஆறு வயசுல இருந்து வரையுறேன், ஆனா எழுபதுக்கு முன்னாடி போட்டது எதுவும் கணக்குல எடுக்கற மாதிரி இல்ல, 73ல தான் பறவை, பூச்சி, மீன் இதோட அமைப்பும் செடி எப்படி வளருதுன்னும் கொஞ்சம் புரிஞ்சது, 86ல இன்னும் முன்னேறுவேன், 90ல உள் அர்த்தம் புடிபடும், 110ல நான் போடற ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிரோட இருக்கும்னு எழுதியிருக்கார். 1849ல சாகற வரைக்கும் வரைஞ்சார். அந்த கணக்குப்படி உங்களுக்கு இன்னும் நேரமே ஆரம்பிக்கல.

ஆனந்த விகடன்ல படம் போட்ட நம்ம ஓவியர் கோபுலுவுக்கு பக்கவாதம் வந்து வலது கை விழுந்தப்ப இடது கையால வரைய பழகினார். கை போனாலும் அவ்வளவு வருஷம் பாத்த கண்ணு அப்படியே இருந்துச்சு, புது கைக்கு அதுதான் சொல்லிக் குடுத்திருக்கும்னு நான் நம்பறேன்.

நடுக்கத்துக்கு ஒரு தடவை டாக்டர பாத்துடுங்க, காரணம் தெரிஞ்சுக்கறது நல்லது. வரையும்போது பென்சில நுனியில புடிக்காம பின்னாடி தள்ளி புடிச்சு, மணிக்கட்ட விட்டுட்டு தோள்ல இருந்து கைய ஓட்டுங்க, பெரிய பேப்பர்ல, சார்கோல் இல்லன்னா 6பி. பெருசா போடறப்ப நடுக்கம் அவ்வளவா தெரியாது. தெரிஞ்சாலும் அத அழிக்க வேண்டாம், வேர், மரப்பட்டை, வயசான முகம் இதுக்கெல்லாம் அந்த கோடு பொருந்தி வரும். வீட்ல சிரிக்கறவங்கள உக்கார வச்சு வரைங்க.

பழைய படத்த எல்லாம் பாக்கவே புடிக்கல, கிழிச்சு போட்டுடலாமா?
- வாசகர், புதுச்சேரி

கூடாது. ஒவ்வொரு பக்கத்துலயும் மூலையில தேதி போட்டு வைங்க. தினமும் பாக்கற உங்களுக்கு மாற்றம் தெரியாது, ஒரு வருஷம் தள்ளி இருக்கற ரெண்டு பக்கத்த பக்கத்துல வச்சாத்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை அதே பொருள, அதே இடது கையவோ அதே நாற்காலியவோ, பழச பாக்காம வரைஞ்சு, அப்புறம் எடுத்து ஒப்பிடுங்க. பென்சில் படம் ஒண்ணு மேல ஒண்ணு உரசி கலையும், நடுவுல பட்டர் பேப்பர் வைங்க. பால் பாயின்ட் மை வெயில்ல வெளுக்கும், அதனால பீரோக்குள்ள வைங்க, கூட கொஞ்சம் நாப்தலின் உருண்டை போட்டா பூச்சி வராது. மழைக் காலத்துல தரையோட இருக்கற தட்டுல வைக்காதீங்க.